கறுப்பு நைலான் தந்தி

"அணைச்சாச்சுண்ணே" என்று மருதப்பன் கீழேயிருந்து குரல் கொடுத்தான். கெர்பாவ் ரோட்டில் ஒரு பழைய கடைவீட்டுக்குப் புது ஒயர் இழுக்கிற வேலை. அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது. மேல்மாடியில் ஏணிமேல் நின்றிருந்த மூத்த ஒயர்மேன் சேதுபதி அந்தச் சொல்லை நம்பி, கூரையிலிருந்து தொங்கிய பழைய ஒயரை வெறுங்கையால் பிடித்தார்.

மருதப்பன் பொய் சொல்லவில்லை. மாடிப்படிக்கு அடியிலிருந்த மெயின் சுவிட்சை அவன் அணைத்துத்தான் இருந்தான். ஆனால் அந்த வீட்டு மேல்மாடிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து இன்னொரு லைன் வந்துகொண்டிருந்தது. அதை அவன் தேடிப் பார்க்கவில்லை. ஏணி சரிகிற சத்தம் கேட்டுப் படியேறியவன் சேதுபதியின் கை ஒயரோடு ஒட்டிக்கிடப்பதைக் கண்டான். அவ்வளவுதான், பாதிப் படியில் கல்லாய்ச் சமைந்துவிட்டான். எதை அணைப்பது, எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒன்றும் ஓடவில்லை. பக்கத்துக் கடைக்காரர் பதறிப்போய்த் தன் கடை சுவிட்சை இழுத்த பிறகுதான் சேதுபதி கீழே விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது.

1961ஆம் ஆண்டு நடந்தது இது. விபத்து என்று எழுதி முடித்தார்கள். சேதுபதி "அணைச்சிட்டியாடா?" என்று கேட்டதையும் இவன் பதில் சொன்னதையும் கேட்டவர் யாருமில்லை. சேதுபதியின் மனைவி பூவம்மா இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது தப்பிச்சியே தம்பி" என்று அழுதாள். அப்போதும் மருதப்பன் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதமே வேலையை விட்டான். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கப்பற்படைத் தளத்தில், சாமான்கள் வைக்கும் ஸ்டோரில் ஆள் எடுத்தார்கள். முன்னால் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டதற்கு, சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை என்று சொல்லிவைத்தான். ஒயர்மேன் என்று சொன்னால் நாலு பேர் தங்கள் வீட்டு விளக்கையும் விசிறியையும் பார்க்கக் கூப்பிடுவார்கள். பார்த்து முடித்ததும், "தொடலாமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவனுக்கு இனி நாக்கு எழாது.

நோரிஸ் ரோட்டில் மூன்று பேரோடு ஓர் அறையில் குடியிருந்தான். விளக்குப் போடும்போது சுவிட்சைத் துண்டு சுற்றிய விரலால்தான் தொடுவான். மழைநாளில் அதுவும் இல்லை. யாராவது வந்து போடட்டும் என்று இருட்டிலேயே உட்கார்ந்திருப்பான். அறைக்கூட்டாளிகள் சிரித்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவனுக்கோ வெளிச்சமெல்லாம் பேயாக இருந்தது.

ஸ்டோரில் ஒலி முகம்மது என்று ஒருவர் இருந்தார். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். மருதப்பனைவிட நாலைந்து வயது பெரியவர். பகல் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோருக்குப் பின்னால் பெட்டிமேல் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பார். வடிவேலு என்ற இன்னொரு ஸ்டோர்க்காரன் கூடவே இன்னொரு கிட்டாரைத் தட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடுவான். அவனுக்கும் மருதப்பனுக்கும் ஒரே வயது. அலுவலகத்துச் சீனக் குமாஸ்தா ஆ கியட் பிஸ்கட் டின்னில் தாளம் போடுவான். கீழ்ச்சுருதிக்கு ஆள் இல்லை. காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு விளக்குமாற்றுக் கம்பை நட்டு, இரண்டுக்கும் நடுவே கயிற்றைக் கட்டி, "இதை இழு" என்று மருதப்பனிடம் கொடுத்தார்கள். கம்பைச் சாய்த்தால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். இரண்டே வாரத்தில் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. மரம், கயிறு, காற்று. வேறொன்றும் கிடையாது. கெர்பாவ் ரோட்டுக்குப் பிறகு அவன் நிம்மதியாக இருந்த நேரம் என்றால் அந்தப் பெட்டியின்மேல் கால் வைத்து நின்ற நேரம்தான்.

அந்த நிம்மதி மூன்று வருஷம் நீடித்தது. அதற்குள் ஊரெல்லாம் மின்சாரக் கிட்டார் வந்துவிட்டது. இங்கிலாந்தில் வந்த பாட்டை ரேடியோவில் கேட்டு, அச்சுப் பிசகாமல் வாசிக்கிற குழுக்கள் தெருவுக்கு ஒன்றாகக் கிளம்பின. சிப்பாய்கள் வருகிற கிளப்புகளில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் டீ டான்ஸ் என்று ஆட்டம் நடக்கும். அங்கே வாசிக்கக் குழு தேவைப்பட்டது. இனக்கலவரத்து ஊரடங்கெல்லாம் முடிந்து ஊர் கொஞ்சம் அமர்ந்த 1964 கடைசியில், ஒலி முகம்மது குழுவுக்கு 'தி ஸ்டோர்மென்' என்று பெயர் வைத்தார். மருதப்பனிடம், தேயிலைப் பெட்டியோடு இனி மேடையேற முடியாது, கீழ்ச்சுருதிக்கு ஒரு மின்சார பேஸ் கிட்டார் பார்ப்போம் என்றார்.

மின்சாரம் ஓடுகிற கிட்டாரா என்று மருதப்பன் மிரண்டான். ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த மூன்று பேரை விட்டால் அவனுக்கு வேறு மனிதர் கிடையாது.

ஒரு சனிக்கிழமை நால்வரும் பிராஸ் பாசா ரோட்டுப் பக்கம் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். சுவரில் பேஸ் கிட்டார்கள் தொங்கின. ஒலி முகம்மதுக்கு ஒரு சிவப்புக் கிட்டாரைப் பார்த்ததும் கண் நிலைகுத்திவிட்டது. நீளக் கழுத்து, கெட்டி மரம், தந்திகள் ஊன்றும் இடத்தில் பளபளவென்று இரும்புத் தகடு. இசைத்தட்டு உறையில் பார்த்தது போலவே இருந்தது. வடிவேலு வெள்ளைக் கிட்டார் ஒன்றைக் காட்டினான். மருதப்பன் நிறம் பார்க்கவில்லை, பெயர் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் ஒவ்வொன்றையும் ஆம்ப்ளிஃபயரில் மாட்டச் சொன்னான். மற்றவர்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, குனிந்து செருப்பைச் சரிசெய்பவன்போல உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த, கரண்ட் இருந்தால் காட்டும் டெஸ்டரை எடுத்துத் தந்தியில் வைத்தான். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு செம்மஞ்சளாக மினுங்கியது.

அவன் எதிர்பார்த்ததுதான். அந்தக் காலத்து ஆம்ப் பலவற்றுக்கு இரண்டு ஒயர்தான், மின்கசிவை மண்ணுக்கு இறக்கும் எர்த் கிடையாது. கசிவு ஆம்பில் பிறந்து, கிட்டார் ஒயர் வழியாகத் தந்திக்கு வந்து, வாசிப்பவன் விரலில் ஏறும். லேசான கசிவுதான், சுருக்கென்று ஒரு கடி. பெரும்பாலானவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒரு கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது கசிவு பெரிதானால் என்ன ஆகும் என்பது மருதப்பனுக்குத் தெரியும்.

ஆகவே எந்தக் கிட்டாரில் கை படும் இடத்தில் இரும்பு குறைவு என்று தேடினான். மூலையில் ஜப்பானில் செய்த ஒன்று இருந்தது. பழுப்பு நிறம், உள்ளே வெற்றுக்கூடு, தந்தி ஊன்றும் கட்டை மரம், திருகும் குமிழ்கள் பிளாஸ்டிக். அதை எடுத்தான். பிறகு, நைலான் சுற்றிய தந்தி இருக்கிறதா என்று கேட்டான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அது பழைய ஜாஸ் கிழவர்கள் போடுவது என்று சொல்லிக்கொண்டே அடி இழுப்பறையிலிருந்து தூசி தட்டி ஒரு செட் கொடுத்தார். உள்ளே இரும்பு, மேலே கறுப்பு நைலான் நாடா. மருதப்பன் விரலால் தடவிப் பார்த்தான். இரும்பு எங்கேயும் விரலில் படவில்லை.

"சிவப்பை எடு மருதப்பா, மேடையில எடுப்பா இருக்கும்" என்றார் ஒலி முகம்மது.

"எனக்கு இதோட சத்தம் பிடிச்சிருக்கு பாய்" என்றான் மருதப்பன். அவன் சத்தத்தைக் கேட்கவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சத்தத்துக்கே பேர் வந்துவிட்டது. மற்றக் குழுக்களின் பேஸ் கணகணவென்று உலோகமாக ஒலிக்கும். இவன் தந்தியோ மிருதங்கத்தின் இடந்தலையைத் தட்டியதுபோல் 'தொம்' என்று விழும். ஆடுகிறவர்களின் கால் தானாக அந்த 'தொம்'மில் வந்து நிற்கும். சிப்பாய் ஒருவன் மேடையருகே வந்து, இந்த நாதம் எப்படி வருகிறது என்று கேட்டுவிட்டுப் போனான். மருதப்பன் சிரித்து வைத்தான்.

மேடையில் அவன் நிற்பதும் தனிமாதிரி. தடித்த ரப்பர் அடி வைத்த சப்பாத்து இல்லாமல் ஏறமாட்டான். மைக் பக்கம் போகமாட்டான். பின்பாட்டுக்குக் கூப்பிட்டால் குரல் சரியில்லை என்பான். எந்தக் கிளப்புக்குப் போனாலும் சாமானை இறக்கும் முன் கழிப்பறைக்குப் போகிறேன் என்று நழுவி, மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்ப்பான். ஒன்று கிடைத்ததும் நிற்கமாட்டான். இன்னொன்று இருக்கிறதா என்று சமையற்கட்டு, பின்வாசல் எல்லாம் சுற்றி வருவான். இவனுக்கு ஏதோ சிறுநீர்க் கோளாறு என்று ஆ கியட் நம்பிக்கொண்டிருந்தான்.

இப்படி இரண்டரை வருஷம் ஓடியது. பிறகு ஃபஸ் வந்தது.

காலால் மிதிக்கும் ஒரு பெட்டி அது. கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே மாட்டிவிட்டு மிதித்தால், சுத்தமான ஸ்வரம் தேனீக்கூட்டத்தைத் தகரத்தில் அடைத்தாற்போல் ரீங்கரிக்கும். புதிதாக வந்த பாட்டுகளில் பாதி அதில்தான் இருந்தன. ஒலி முகம்மது ஜப்பான் பெடல் ஒன்று வாங்கினார். பேட்டரியில் ஓடுவது. அதைக் கண்டு மருதப்பனுக்குப் பயமில்லை. ஆனால் ஒரு பாட்டில் பேஸிலேயே ஃபஸ் வரவேண்டியிருந்தது. நைலான் தந்தியின் மொத்தைச் சத்தம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் போய், ஈரத்துணிக்குள் தேனீ மாட்டிக்கொண்டதுபோல் வெளியே வந்தது.

இரும்புத் தந்தி போடு என்றார் ஒலி முகம்மது. மருதப்பன் ஆயிரம் சாக்குச் சொன்னான். விரல் வலிக்கும், பழக்கமில்லை, நம் குழுவுக்கென்று இருக்கிற நாதம் போய்விடும். கடைசியில் அவர் சலித்துப்போய், சரி, உன் தந்திக்கு ஏற்ற மாதிரி பலமான பெடலாகச் செய்துவிடுவோம் என்றார். சுங்கை ரோட்டுச் சந்தையில் மாணிக்கம் என்றொரு ரேடியோ ரிப்பேர்க்காரர் இருந்தார். பிஸ்கட் டின் தகரத்தை வளைத்துப் பெட்டி செய்து, லாரியில் காலால் விளக்கு மாற்றுகிற சுவிட்சை அதன்மேல் பொருத்தி, பேட்டரிக்குப் பதில் நேரே சுவரில் சொருகுகிற ஒயர் வைத்துக் கொடுத்தார். மிதித்தால் கூரை அதிர்ந்தது. ஒலி முகம்மதுக்கு அளவில்லாத சந்தோஷம்.

மருதப்பன் யாரும் இல்லாதபோது அதைத் திறந்து பார்த்தான். சுவரிலிருந்து வரும் இரண்டு ஒயரில் ஒன்று நேரே தகரப்பெட்டியோடு பற்றவைத்திருந்தது. இரண்டு கால் பிளக்கை ஒருவிதமாகச் சொருகினால் பெட்டி சாது. திருப்பிச் சொருகினால் பெட்டி எமன். பெட்டியிலிருந்து ஆம்புக்கும், ஆம்பிலிருந்து அதில் மாட்டிய ஒவ்வொரு கிட்டாருக்கும் முழு மின்சாரமும் போய்ச் சேரும். குழுவிடம் இருந்ததோ இரண்டே ஆம்ப். ஒன்று ஒலி முகம்மதுடையது. மற்றதில் மருதப்பனின் பேஸும் வடிவேலுவின் கிட்டாரும் சேர்ந்து ஓடின. வடிவேலு கிட்டாரை வாசித்துக்கொண்டே மைக்கில் பாடுகிறவன்.

"இதுக்கு பேட்டரி வச்சுக்கலாமே பாய்" என்று சொல்லிப் பார்த்தான் மருதப்பன். பேட்டரியில் இந்தப் பலம் வராது என்று ஒலி முகம்மது சொல்லிவிட்டார். அதற்குமேல் பேச வேண்டுமானால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கெர்பாவ் ரோட்டில்தான் போய் நிற்கும். மடியில் கனம் இருந்தது அவனுக்கு.

ஸ்டோரிலிருந்து சிவப்புப் பெயிண்ட் எடுத்து, பிளக்கின் ஒரு பக்கத்தில் மிளகு அளவு ஒரு புள்ளி வைத்தான். எந்த இடத்துக்குப் போனாலும் தானே முதலில் ஓடி, டெஸ்டரால் பார்த்து, புள்ளி எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்து, தானே சொருகினான். வாசிக்கும் நேரமெல்லாம் ஒரு கண் அந்தப் புள்ளியிலேயே இருக்கும். மூன்று மாதம் அப்படிப் போனது. சோறு இறங்கவில்லை. உடம்பு இளைத்து, இடுப்பில் பெல்ட்டுக்குப் புதிதாக இரண்டு துளை போட்டான்.

1967 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பவாங் பக்கத்தில் 'புளூ பாரட்' என்ற கிளப்பில் டீ டான்ஸ். திரைகளையெல்லாம் இழுத்துவிட்டுப் பிற்பகலை இரவாக்கியிருந்தார்கள். முந்நூறு பேர் இருக்கும். விசிறி சுற்றியும் பிரயோசனமில்லை, வடிவேலுவின் சட்டை பிழிந்தால் சொட்டும்படி நனைந்திருந்தது. இடைவேளையில் மருதப்பன் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டுத் திரும்பினான். அதற்குள் ஆ கியட் தன் டிரம்முக்கு இடம் பண்ண ஆம்பைத் தள்ளி வைத்திருந்தான். மருதப்பன் கிட்டாரைத் தோளில் மாட்டும்போதே பாட்டு தொடங்கிவிட்டது. பேஸ் ஃபஸ் வருகிற அதே பாட்டு.

நாலு தாளச் சுற்று வாசித்த பிறகுதான் அவன் கண் பிளக்குக்குப் போனது. பிளக் இருந்தது. அவன் சொருகியபோது மேலே தெரிந்த புள்ளியைக் காணோம்.

கழற்றித் திருப்பிச் சொருகியிருக்கிறார்கள். அப்படித்தான் நினைத்தான். தன் விரலைப் பார்த்தான், கறுப்பு நைலான்மேல் பத்திரமாக இருந்தது. வடிவேலுவைப் பார்த்தான். ஈரக் கை, இரும்புத் தந்தி. பாட ஆரம்பிக்க இன்னும் இரண்டு சுற்றுதான். மைக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தான். மருதப்பன் கத்தினான். ஃபஸ் இரைச்சலில் அந்தக் கத்தல் அவன் காதுக்கே கேட்கவில்லை. கால் ஒரு நொடி நகர மறுத்தது. பிறகு கிட்டாரோடு மேடையின் பின்பக்கம் பாய்ந்து, கிட்டார் ஒயர் பிய்ந்து தெறிக்க, மெயின் சுவிட்சை இரண்டு கையாலும் இழுத்தான்.

எல்லாம் நின்றது. டிரம் மட்டும் இருட்டில் இரண்டு அடி தனியாக விழுந்து ஓய்ந்தது. பிறகு விசில், கூச்சல், எங்கோ ஒரு பாட்டில் உடைகிற சத்தம். குடித்திருந்த நாலைந்து பேர் மேடையேறினார்கள். இருட்டில் தள்ளுமுள்ளில் ஒயர்களெல்லாம் காலில் சிக்கி அறுந்தன. மானேஜர் டார்ச்சோடு வந்து விளக்குப் போட்டபோது பிளக் சுவரில் இல்லை, தரையில் கிடந்தது. அது எப்படிச் சொருகியிருந்தது என்று இனி எந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது.

மானேஜர் அவர்களை அப்படியே அனுப்பிவிட்டார். வெளியே சாலையோரம் சாமான்களை வேனில் ஏற்றும்போது ஒலி முகம்மது, என்ன காரியம் இது என்று கேட்டார். பிளக் மாறியிருந்தது என்றான் மருதப்பன். துணிக்கடையில் இருந்தவனுக்குக் கரண்டைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் கேட்டார். மருதப்பன் அறுந்த ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"பயந்தாங்கொள்ளிய வச்சுக்கிட்டு பேண்டு நடத்த முடியாது" என்று சொல்லிவிட்டு ஒலி முகம்மது வேனில் ஏறினார். மருதப்பன் பஸ்ஸில் திரும்பினான்.

மறுநாள் டீ நேரத்தில் வடிவேலு அவனைத் தேடி வந்தான். தளத்து வாசலுக்கு எதிரே இருந்த கோப்பிக்கடைக்கு இருவரும் போனார்கள். வடிவேலு கோப்பியைக் கலக்கினான்.

"நேத்து நீ எதுக்கு அணைச்சேன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்" என்றான். "ரெண்டு வருஷமா மைக்ல வாய வச்சா சுருக்குன்னு கடிக்குது. இந்தப் புதுப் பெட்டி வந்ததுலேருந்து ரொம்ப மோசம். பாட்டு ஆரம்பிக்கும்போதெல்லாம் உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டுத்தான் போவேன்."

"ஏன் சொல்லல?"

"மைக்குக்குப் பயப்படுறவன் பாடகனா? பாய் வேற ஆளப் பாத்துக்கிட்டா?"

மருதப்பனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னான். துணிக்கடை இல்லை என்றான். கெர்பாவ் ரோடு, ஏணி, சேதுபதி, பக்கத்துக் கடை லைன், தான் சொன்ன அந்த ஒரு சொல், எல்லாம் சொன்னான். நைலான் தந்தியையும் ரப்பர் சப்பாத்தையும் டெஸ்டரையும் சிவப்புப் புள்ளியையும் சொன்னான். சொல்லி முடித்ததும் வடிவேலு ஆறுதலாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தான்.

வடிவேலு அவனை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சு, நீ மட்டும் நைலான் போட்டுக்கிட்டே."

"ஆமா" என்றான் மருதப்பன்.

வடிவேலு கோப்பியைக் குடிக்காமலே எழுந்து போனான்.

அன்று முழுவதும் மருதப்பனுக்குக் கை வேலையில் ஓடவில்லை. வடிவேலு இனி முகம் பார்க்கமாட்டானோ என்பது மின்சாரத்துக்குப் பயந்ததைவிடப் பெரிய பயமாக இருந்தது. ஆனால் வடிவேலு நேரே ஒலி முகம்மதுவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். இரண்டு நாள் கழித்து அவர் செய்தித்தாளில் சுற்றிய ஃபஸ் பெட்டியைக் கொண்டுவந்து ஸ்டோர் மேசைமேல் வைத்தார். "திறந்து காட்டு" என்றார். வடிவேலு அவர் பின்னால் கைகட்டி நின்றான்.

மருதப்பன் மூடியைக் கழற்றி ஒயரைக் காட்டினான். பிளக்கைச் சொருகி, டெஸ்டரைத் தகரத்தில் வைத்தான். விளக்கு எரியவில்லை. பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் சொருகினான். டெஸ்டர் நெருப்புத்துண்டு மாதிரி எரிந்தது. ஒலி முகம்மது பக்கத்திலிருந்த சாமான் பெட்டிமேல் மெதுவாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வாயில் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு பிளக் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் கடைசியில்.

"தெரியாது பாய். புள்ளி தெரியல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் அந்தப் பெட்டியை மாணிக்கத்திடமே கொண்டுபோய்க் கொடுத்து, இனி யாருக்கும் இப்படிச் செய்யாதே என்று சொல்லிவிட்டு வந்தார். மாணிக்கம் அதைக் கேட்டாரா இல்லையா தெரியாது. இரண்டு ஆம்புக்கும் மூன்று கால் பிளக் வைத்து எர்த் ஒயர் இழுக்கவேண்டும் என்றான் மருதப்பன். வெளியே யாரிடமும் கொடுக்க வேண்டாம், நீயே செய் என்றார் ஒலி முகம்மது. ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒயர் வேலைக்காக அவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் ஏறியது. இரண்டு தடவை திருகாணி கீழே விழுந்தது. அதைத் தரையில் தேடி எடுத்துக் கொடுத்தவன் வடிவேலு. அவன் அப்போதும் சரியாகப் பேசவில்லை. முன்போலப் பேச இன்னும் சில மாதம் ஆனது.

பூவம்மாவிடம் மட்டும் மருதப்பனால் சொல்ல முடியவில்லை. அவள் பிள்ளைகளோடு ஜொகூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். இரண்டு தடவை உட்லண்ட்ஸ் வரை பஸ்ஸில் போய், ஜொகூருக்குப் போகும் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினான்.

அடுத்த ஜனவரியில் பிரிட்டிஷ்காரர்கள் தளத்தை விட்டுப் போகப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஸ்டோரில் எல்லார் முகத்திலும் ஈயாடவில்லை. யாருக்கு எப்போது வேலை போகும் என்று தெரியாத பயம். கிளப்புகள் ஒவ்வொன்றாக ஆள் குறைந்து வெறிச்சோடின. ஸ்டோர்மென் கல்யாண வீடுகளில் வாசிக்கத் தொடங்கினார்கள். புளூ பாரட்டில் நடந்தது மற்றக் குழுக்களுக்கும் எட்டியிருந்தது. சிலர் கேலி செய்தார்கள். சிலர் மட்டும் மெதுவாக வந்து, எங்கள் ஆம்பையும் கொஞ்சம் பார்க்கிறாயா என்று கேட்டார்கள். மருதப்பன் பார்த்துக் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பிய பிறகு, எதையாவது விட்டுவிட்டோமா என்று தூக்கம் வராமல் புரள்வான். சில சமயம் விடிந்ததும் திரும்பப் போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வருவான்.

அந்த வருஷம் ஜாலான் காயுவில் ஒலி முகம்மதின் மைத்துனி சம்சுன்னிசாவுக்குக் கல்யாணம். திறந்தவெளியில் கித்தான் பந்தல். நால்வரும் சாமானை இறக்கி வைத்ததும் வானம் கறுத்து மழை கொட்டியது. பந்தலின் ஓரமெல்லாம் தண்ணீர் சரம்சரமாக இறங்கியது. ஆம்புகளை இழுத்து நடுவில் வைத்து ரப்பர் விரிப்பால் மூடினார்கள். முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது. விருந்தாளிகள் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பாட்டு எப்போது என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள்.

ஒலி முகம்மது வந்து, "மருதப்பா, வாசிக்கலாமா?" என்று கேட்டார். வடிவேலுவும் ஆ கியட்டும் அவனைப் பார்த்தார்கள்.

மருதப்பன் டெஸ்டரை எடுத்துக்கொண்டான். வீட்டுக்குள் போய் மெயின் சுவிட்சைப் பார்த்தான். பின்னால் சமையல்கொட்டகையில் தனி லைன் ஒன்று இருந்தது, அதையும் பார்த்தான். ஈரமான தரையில் பலகை போடச் சொன்னான். எர்த் ஒயரைக் கையால் இழுத்துப் பார்த்தான். வடிவேலுவின் தந்தியில் டெஸ்டர் வைத்தான், மைக்கில் வைத்தான், மறுபடி தந்தியில் வைத்தான். விளக்கு எரியவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. ஒரு மூதாட்டி மட்டும், இந்தப் பிள்ளைகள் வாசிப்பார்களா மாட்டார்களா என்று சத்தமாகக் கேட்டாள்.

கடைசியாக மருதப்பன் ஒரு காரியம் செய்தான். வடிவேலுவின் கிட்டாரைத் தான் வாங்கி, இரும்புத் தந்தியை இடது கையால் முழுதாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மைக்கைத் தொட்டான். கண்ணை இறுக மூடியிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தான்.

"வாசிக்கலாம்" என்றான்.

வடிவேலு கிட்டாரை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றான். மருதப்பன் தன் பேஸைத் தோளில் மாட்டினான். முதல் பாட்டில் விரல் இரண்டு இடத்தில் தவறியது. ஆ கியட் அவனுக்காகத் தாளத்தைக் கொஞ்சம் கெட்டியாகப் போட்டான். மூன்றாவது பாட்டு முடியும்போதுதான் மருதப்பன் வடிவேலுவின் மைக்கிலிருந்து கண்ணை எடுத்தான். அதற்குள் பந்தலில் ஆட்கள் ஆட ஆரம்பித்திருந்தார்கள். பிரியாணி ஆறுகிறது என்று பெண்வீட்டார் வந்து கூப்பிடும்வரை வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.